ஐப்பசியில் நெய்த சேலை

(புள்ளியியல் நாளையொட்டிக் காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பத்தோரு ஆண்டு புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அதையே பட்டப் படிப்பாக எடுத்த பிள்ளைகள் எனக்கு வாய்த்தது குறைவு. பி.காம்., விலங்கியல், பொருளாதாரம், பி.பி.ஏ. என்று பிற துறைப் பிள்ளைகள்தான் அதிகம். எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரியில் 'அலைடு வாத்தியார்' என்று பெயர். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. அவர் இல்லாமல் காரியம் நடக்காது, ஆனால் குடும்பப் போட்டோவில் அவருக்கு இடம் கிடையாது. கால அட்டவணையில் யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட மணி எங்களுக்கு வரும். சாப்பாட்டுக்கு அடுத்த மணி, இல்லையென்றால் உத்திரமேரூர் பஸ்ஸையும் வாலாஜாபாத் பஸ்ஸையும் பிடிக்கப் பிள்ளைகள் பையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைசி மணி.

அப்படி ஒரு கடைசி மணியில் பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பு. டி சோதனையில் ஒரு கணக்கு கொடுத்திருந்தேன். கணக்கிட்ட மதிப்பு 3.40, அட்டவணையில் உள்ள மதிப்பு 2.10. கணக்கிட்டது பெரியது, ஆகவே நல் ஹைப்பாதசிஸ் என்ற கருதுகோளை நிராகரிக்க வேண்டும். அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தான். எண்ணெல்லாம் சரி, கடைசி வரி மட்டும் தப்பு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், நல் ஹைப்பாதசிஸ்னா நல்ல ஹைப்பாதசிஸ்தானே? அதைப் போய் எப்படி சார் வேண்டாம்னு சொல்றது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சிரிப்பு நின்றது. 'நல்' என்ற அந்தச் சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் நினைத்தவன் அவன் ஒருவன்தான். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பொருளே இல்லாமல் சரியாக எழுதியவர்கள். முழு மார்க் போட்டது அவர்களுக்கு. அவனுக்கு ஒரு மார்க் குறைத்தேன். இன்று பேச வந்திருப்பது அந்த ஒரு மார்க்கைப் பற்றித்தான்.

பிற துறைப் பிள்ளைக்குப் புள்ளியியல் எப்படி இருக்கிறது என்று அவன் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒரு அட்டவணை வருகிறது. எக்ஸ் என்று ஒரு நிரை, எஃப் என்று ஒரு நிரை. எக்ஸ் என்பது யாருடைய உயரம், எந்த ஊர்க் கூலி, யார் போய் அளந்தது, எதற்காக அளந்தது என்று எங்கும் இருக்காது. அடுத்து ஒரு வாய்பாடு. அதில் எண்ணைப் போட்டால் ஒரு விடை, இரண்டு தசம இடம் வரைக்கும். ஸ்டெப்புக்கு ஸ்டெப் மார்க் உண்டு என்பதால் ஸ்டெப்பை விடக் கூடாது. கடைசியில் 'ஆகவே' என்று தொடங்கும் ஒரு வாக்கியம், மந்திரம் போல. விடை வந்துவிட்டது, கேள்வி என்ன என்றுதான் தெரியாது. திட்ட விலக்கம் 14.27 என்று எழுதிவிட்டு அதன் கீழே இரண்டு கோடு போடுகிற பிள்ளையிடம், "பதினாலே கால் என்னப்பா? ரூபாயா, கிலோவா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பான். கணக்கு முடிந்த பிறகு இந்த ஆள் எதற்கு இன்னும் பேசுகிறார் என்பதுபோல.

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1985இல் குரூஸ், கேஷ், போல்டன் என்ற மூவர் புள்ளியியலைக் கண்டு மாணவர்கள் கொள்ளும் பயத்தை அளக்கவே ஓர் அளவுகோல் செய்தார்கள். பயத்தை ஆறாகப் பிரித்தார்கள். இதனால் எனக்கு என்ன பயன் என்ற சலிப்பு ஒன்று. வந்த விடைக்குப் பொருள் சொல்லும் பயம் இன்னொன்று. தேர்வு பயம், எனக்குக் கணக்கு வராது என்ற முடிவு, உதவி கேட்கத் தயக்கம் இவையும் உண்டு. ஆறாவது, புள்ளியியல் வாத்தியாரைக் கண்டு பயம். அதைப் படித்த அன்று நான் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டேன்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் சூ கார்டன் என்பவர், கட்டாயப் பாடமாகப் புள்ளியியல் படித்த உளவியல் மாணவர்களிடம் இது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு 2004இல் எழுதினார். கட்டாயம் இல்லாவிட்டால் படித்திருக்க மாட்டோம் என்றவர்கள்தான் பெரும்பாலோர். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கேட்ட பிள்ளைகளில் ஒருவருக்கு அது பொருளில்லாத வேலை, ஒருவருக்கு வாய்பாடுகளின் வரிசை, ஒருவருக்கு வாழ்க்கையில் பயன்படும் கருவி, வெகுசிலருக்குப் பிறர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கும் சிந்தனை. கரும்பலகை ஒன்று, பாடம் நாலைந்து. இவர்களைப் பிரித்தது கணக்குத் திறமை மட்டும்தானா? என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பிளஸ் டூவில் கணக்கில் முழு மார்க் வாங்கிவிட்டு முதல் படியிலேயே நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொற்களும் சேர்ந்து குழப்பும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை கல்லூரியில் ஆங்கிலச் சொல்லில் விழுகிறான். தமிழ்ச் சொல் மட்டும் காப்பாற்றிவிடுமா? திட்டப் பிழை என்றால் திட்டம் போட்டுச் செய்த தப்பு என்று ஒரு மாணவி எழுதினாள். அரசியல் செய்திகளை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதிலும் தப்பில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் நம் திட்ட விலக்கம் அங்கே நியம விலகல், நம் இடைநிலை அங்கே இடையம். எது மேல் என்று சண்டை போட நான் வரவில்லை. ஒரு சொல்லை மட்டும் எப்போதும் மெச்சுவேன்: முகடு. மிக அதிகமாக வரும் மதிப்புக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஓட்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கூரையின் முகட்டை யாரும் விளக்க வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும்.

இனி சேலைக்கு வருகிறேன்.

நான் வழக்கமாகக் கரும்பலகையில் பத்து எண் எழுதுவேன். ஒரு தறியில் அடுத்தடுத்து நெய்த பத்துப் பட்டுச் சேலை, ஒவ்வொன்றுக்கும் ஆன நாட்கள். 11, 12, 10, 13, 12, 11, 19, 12, 10, 14. யாரும் போய் அளந்து வந்ததில்லை, கணக்கு சுலபமாக வரட்டும் என்று நானே கட்டியது. கூட்டினால் 124, சராசரி 12.4. இடைநிலை 12, முகடும் 12. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 62.4, பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 2.5. வாத்தியாருக்கு வேலை சுலபம், பிள்ளைகளுக்கும் விடை அழகு.

ஒரு வருஷம் முன்வரிசையில் ஒரு கெட்டிக்காரப் பையன் எழுந்தான். "சார், அந்த 19 மட்டும் ஒட்டல. அவுட்லையர். எடுத்துடலாம்." சரி, எடுத்துப் பார் என்றேன். எடுத்தால் சராசரி 11.67க்கு வருகிறது, பெரிய மாற்றமில்லை. ஆனால் திட்ட விலக்கம் 2.5லிருந்து 1.25க்கு, சரியாகப் பாதிக்கு, இறங்கிவிடுகிறது. பத்துச் சேலையில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஏழு பங்கு அந்த ஒரே சேலை கொண்டுவந்தது. வகுப்புக்கு ஒரே ஆச்சரியம். நானும் என் எண்கள் நன்றாக வேலை செய்கின்றன என்ற திருப்தியில் துடைப்பானை எடுத்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், அதை எடுக்கக் கூடாது. அது ஐப்பசி."

பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிற பெண். வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறந்ததில்லை. என்னம்மா ஐப்பசி என்றேன். "ஐப்பசியில மழை பிடிச்சா குழித்தறியில தண்ணி ஊறிடும் சார். பாவும் ஈரம் பிடிக்கும். உட்கார்ந்து நெய்ய முடியாது. எங்க வீட்டுல அந்த மாசத்துச் சேலை எப்பவும் இப்படித்தான் இழுக்கும். அந்த மாசம்தான் கடன் வாங்குவோம்."

என் கற்பனையிலிருந்து நான் எழுதிய எண்ணுக்கு அந்தப் பெண் ஒரு மாசத்தையும் ஒரு காரணத்தையும் ஒரு கடனையும் கொடுத்துவிட்டாள். அது கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கோர்வைக்கு நாடா போட்ட கை அது. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும் கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது. அந்தக் கைக்கு ஏற்ற இறக்கம் என்பது பாடமே இல்லை, வீட்டுச் சாப்பாடு. முன்வரிசைப் பையனுக்கு அந்த 19 ஒரு தொல்லை. அவளுக்கு அதுதான் செய்தி.

சராசரியும் அவள் வீட்டில் வேறு மாதிரிப் புழங்குகிறது. கல்யாணத்துக்கு என்று சேலை கேட்டு ஆள் வந்தால் நெசவாளர் தன் சராசரி 12 நாள் என்பதற்காகப் பன்னிரண்டாம் நாளைக் குறித்துக் கொடுப்பாரா? கொடுத்தால் பத்தில் மூன்று சேலை முகூர்த்தத்துக்குப் பிந்திவிடும். அவர் 12ஐ மனதில் வைத்துக்கொண்டு, மேலே நாலைந்து நாள் போட்டு, பதினேழு என்பார். அந்த நாலைந்து எங்கிருந்து வந்தது? திட்ட விலக்கம் என்று நாம் சொல்வதைத்தான் அவர் விரல் கணக்காக வைத்திருக்கிறார். மழைக்காலம் என்றால் அதையும் கூட்டிச் சொல்லுவார். நான் முப்பது வருஷம் திட்ட விலக்கத்தை ஏழு ஸ்டெப்பாகச் சொன்னேன். "தேதி கொடுக்கும்போது எவ்வளவு சேர்த்துச் சொல்வீங்க?" என்ற ஒரு கேள்வியாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் சொன்ன பிறகுதான் அப்படிச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு முன் படித்துப் போனவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை.

கணக்கு கடினம் என்பதால் பிள்ளைகள் புள்ளியியலை வெறுக்கவில்லை என்பது என் கட்சி. இன்றைக்குக் கணக்கைப் போன் போட்டுவிடுகிறது, எக்செல் போட்டுவிடுகிறது. அதனால் வெறுப்பு குறைந்திருக்கிறதா? இல்லை. நாம் இந்தப் பாடத்தை உறுதியின் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அடியில் இரண்டு கோடு போட்டு முடியும் பாடம். உண்மையில் இது சந்தேகத்தின் பாடம். என் கண்ணையே நம்பாதே, நான் பொறுக்கி எடுத்ததையே நம்பாதே, எவ்வளவு நம்பலாம் என்று அளந்து சொல் என்கிற பாடம். சந்தேகம் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் ட்யூஷன் வைக்க வேண்டியதில்லை. நாம்தான் அதை வகுப்பு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறோம்.

இதற்கு நாம் லண்டன் போக வேண்டாம், உத்திரமேரூர் பஸ் பிடித்தால் போதும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இரண்டு இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளியில் எல்லாரும் படித்தோம், ஜனநாயகப் பாடமாக. நான் அதைக் கூறெடுத்தல் பாடமாக எடுப்பேன். ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய ஓலையோடு கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க, முதியவர் ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். எடுப்பது யார்? உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன். எடுத்த கட்டை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கிறான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்துக் கையை அகல நீட்டி வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலை விரிக்கச் சொன்னது எதற்கு? மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம். படிக்கத் தெரிந்தவன் எடுத்தால் பெயரைப் பார்த்து எடுப்பான். குலுக்காவிட்டால் கடைசியில் போட்டது மேலே இருக்கும். ஒவ்வொரு விதியின் அடியிலும் ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. பாடநூலில் சமவாய்ப்புக் கூறெடுப்புக்கு ஒரு வரையறை இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சாவி கொடுத்த மாதிரி ஒப்பிப்பார்கள். விரித்த ஐந்து விரலைச் சொன்னதும் அந்த வரையறை அவர்கள் முகத்தில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது குடும்பிலும் ஒவ்வொருவர் வந்தாக வேண்டும் என்பது படுகைவாரிக் கூறெடுப்பு. அந்தப் பெயரை இதன் பிறகு சொன்னால் போதும்.

வகுப்பில் எப்போதும் யாராவது ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்பார், கேட்காவிட்டால் நான் கேட்க வைப்பேன். குடத்துக்குள் யார் பெயர் போனது? 921ஆம் ஆண்டு விதிப்படி காணி இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். கணக்குக் காட்டாத பழைய வாரியக்காரரும் அவர் உறவினரும் கூடாது. அந்த விதியை இன்றைக்கும் கொண்டுவரலாம். ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. ஏரி வாரியம் பார்த்துக்கொண்ட ஏரியில் மண் வெட்டியவர் பெயரும், நாற்று நட்ட பெண்ணின் பெயரும் எந்த ஓலையிலும் இல்லை. குலுக்கியதில் நேர்மை இருந்தது, பட்டியலில் இல்லை. எத்தனை முறை குலுக்கினாலும் குடத்தில் இல்லாத பெயர் வெளியே வராது. அமெரிக்காவில் 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லி மூக்குடைபட்டதும் இதே குடத்தால்தான். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தார்கள்.

பக்கத்து உதாரணம் இன்னொன்று, இதை நீங்களே பார்த்தீர்கள். 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஒரு கோடிப் பேர் தரிசித்தார்கள் என்று செய்தி வந்தது. அன்று இந்த ஊரில் வாசலைத் திறந்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள், வாசலிலேயே ஒரு லட்சம் பேர் நின்ற மாதிரி இருந்தது. விலங்கியல் மாணவர்களிடம் கேட்டேன், ஒரு கோடி என்று எப்படித் தெரியும்? கோடியை 48ஆல் வகுத்தால் நாளுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் நடை திறந்திருந்தது என்று வைத்தால் மணிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. நொடிக்கு மூன்று பேர். இது முடியுமா? உடனே வகுப்பு இரண்டாகிவிட்டது. முடியவே முடியாது என்று ஒரு கட்சி. நாலு வரிசை ஒரே நேரத்தில் ஓடினால் முடியும், தள்ளிவிடுகிற வேகத்தை நீ பார்க்கவில்லையா என்று ஒரு கட்சி. ஒருத்தி கேட்டாள், எங்க பாட்டி ஏழு தடவை போச்சு, அது ஒரு ஆளா ஏழு ஆளா? இன்னொருவன் கேட்டான், ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம், கூட்டம் ஒரே மாதிரியா வரும்? ஜூலையில் ரெண்டு நாள் எண்ணிட்டு 48ஆல் பெருக்கினா எப்படி சரியாகும்?

அவன் சொன்னதற்குப் பெயர் என்ன என்று நான் சொல்லவில்லை. முப்பது குடும்பு ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு மணி அடித்தும் நாலைந்து பேர் எழுந்திருக்கவில்லை. அலைடு வாத்தியார் வாழ்க்கையில் அது அபூர்வம். ஒருவன் பஸ்ஸைக் கோட்டைவிட்டு என் ஸ்கூட்டரில் வந்தான்.

இந்தப் படிப்பைக் கட்டியவர்களே பெரும்பாலும் வேறு துறைக்காரர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ஜூன் 29, பி.சி. மகலனோபிஸ் 1893இல் பிறந்த நாள், 2007 முதல் புள்ளியியல் நாள். அவர் இயற்பியல் படித்தவர், கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். முதல் உலகப்போரால் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பும் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற இதழ் கண்ணில் பட்டது, தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்ற கேள்விதான் அவரைக் கூறெடுப்புக்குள் இழுத்துப் போனது. வாய்பாடு பின்னால் வந்தது.

டி சோதனையைச் செய்த கோசெட் வேதியியல்காரர், டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை. பார்லியும் ஹாப்ஸும் அளந்து பார்க்க அவர் கையில் எப்போதும் நாலைந்து மாதிரிதான் இருக்கும். அத்தனை சின்னக் கூறை வைத்து எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்பது அவருடைய சொந்தக் கவலை. சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலை விடவில்லை, அதனால் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட் என்றால் ஸ்டூடண்டுகளை வதைக்கிற டெஸ்ட் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேறு துறையிலிருந்து வந்து ஓர் ஓரமாகக் கற்றுக்கொண்ட ஆள் வைத்துக்கொண்ட பெயர் அது. அவர்கள் பெயர்தான்.

முதலில் சொன்ன பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நல் ஹைப்பாதசிஸ் என்ற பெயரை வைத்தவர் ரொனால்டு ஃபிஷர், 1935இல் வெளிவந்த 'சோதனைகளின் வடிவமைப்பு' பற்றிய நூலில். அங்கே அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு பெண்மணியும் தேநீரும். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா தேநீர் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் அவர். எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். வரிசையைச் சீட்டுப் போட்டுக் கலைத்துக் கொடுக்கிறார்கள். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. நாவில் ஒன்றும் தெரியாமல் சும்மா அடித்துவிட்டாலும் எழுபதில் ஒரு தடவை எல்லாம் சரியாக அமைந்துவிடும். அந்தப் பெண்மணி எத்தனை சரியாகச் சொன்னார் என்று அந்த நூலில் ஃபிஷர் எழுதவே இல்லை. எவ்வளவு அழுத்தம் பாருங்கள் அந்த மனிதருக்கு.

இதை நம் காபியில் செய்வேன். டிகாக்‌ஷன் முதலில் ஊற்றிப் பால் சேர்த்ததா, பால் முதலில் ஊற்றி டிகாக்‌ஷன் சேர்த்ததா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது நாக்கில் வைத்ததும் சொல்வேன் என்று எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் மனதில் ஒன்று ஓடும்: "இதுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா அளக்குது." அதுதான் நல் ஹைப்பாதசிஸ். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதிரில் நிற்பவருக்குச் சலுகை காட்டாத சந்தேகம். எட்டும் சரி என்றால் சந்தேகப்பட்டவர்கள் கொஞ்சம் அடங்க வேண்டும். எட்டில் ஆறு சரி என்றால்? வகுப்பு கை தட்டும், ஆறு என்பது பெரிசாகத் தெரியும். ஆனால் எழுபதில் 16 வழி அப்படி அமையும், ஏறக்குறைய நாலில் ஒரு தடவை குருட்டாம்போக்கிலேயே வரும். அதை வைத்துச் சந்தேகத்தைக் கைவிட முடியாது. அதற்காக அவருக்குத் தெரியாது என்று தீர்த்துவிடவும் முடியாது. 'ஏற்கப்படுகிறது' என்று நாம் விடைத்தாளில் எழுத வைக்கிறோமே, அது தப்பு. ஏற்கவில்லை, தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். நல்லதைத் தள்ள மனசில்லாத அந்தப் பையன், 'ஏற்கிறேன்' என்ற சொல்லை எடை பார்த்துத்தான் எழுதினான். நாங்கள்தான் எடை பார்க்காமல் கற்றுக்கொடுத்தோம்.

அதிகம் பேசிவிட்டேன். வெளி மண்டபத்தில் மேசை மேல் எட்டு டம்ளர் காபி வைத்திருக்கிறது. நாலு ஒரு மாதிரி, நாலு ஒரு மாதிரி. கலந்தவர் எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு அப்பால் நிற்கிறார், அவர் உள்ளே வரமாட்டார், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எது எந்த டம்ளர் என்று எனக்கும் தெரியாது. சொல்லிவிடுவேன் என்கிறவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், ஆறும் முன்னால்.